கலைச்சொல்: சூட்டு வேலையா, சுடுபணியா, அனல்வேலையா?

சம்மாந்துறை, பயிற்றுநர்:
அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். அரிசி ஆலைப் பணியாளருக்கான தீத்தடுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறோம். வெல்டிங், காஸ் கட்டிங், கிறைண்டிங், ஊதுவிளக்கால் சூடாக்குதல், இவற்றில் எதை ஆலைக்குள் செய்வதானாலும் முதலில் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். 'ஹொட் வேர்க் பெர்மிட்' என்பார்கள். எங்களுக்குக் கிடைத்த வரைவில் 'சூட்டு வேலை அனுமதி' என்றிருக்கிறது. இங்குள்ளவர்கள் வாசித்துவிட்டு, சூடடிக்கிறதற்கு, அதாவது நெற்கதிர் அடிக்கிறதற்கு, ஏன் அனுமதி என்று கேட்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அவர்கள் கேட்டது சரி. வட்டையில், அதாவது வயல்வெளியில், வேளாண்மை வெட்டி அடுக்கினால் அது சூடு. இது நம் பக்கத்துக் கொச்சை அல்ல. பொருநராற்றுப்படையிலேயே 'சூடு கோடாகப் பிறக்கி' என்று வருகிறது. கதிர்க்கட்டுகளை மலைபோல் குவித்ததைச் சொல்கிறது. நெல் ஆலைக்குள் இந்தப் பொருளை யாராலும் துடைத்தெறிய முடியாது.

'சுடுபணி' என்று வையுங்கள். நல்ல வினைத்தொகை. சுடுநீரில் நீர் சுடுகிறது. சுடுமண்ணில் மண் சுடப்படுகிறது. சுடுகாட்டில் காடு இடம் மட்டுமே. சுடுகிற பணி, சுடுவதற்கான பணி என்று எல்லாவற்றுக்கும் இந்தத் தொகை இடம் கொடுக்கும்.

அக்கரைப்பற்று, ஆலைப் பராமரிப்புப் பொறியியலாளர்:
மாஸ்டர், சொல் எந்த ஆபத்தைத் தடுக்க வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேற்றரின் தகட்டில் ஓட்டை விழுந்தால் கழற்றாமல் நின்ற நிலையிலேயே வெல்டிங்கால் ஒட்டுவார்கள். தீப்பொறி உள்ளே விழுந்து அடிக்குழிக்குப் போகும். அங்கே தவிடு, உமித்தூசு, றப்பர் பட்டி. உமி உடனே சுவாலை விடாது, உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். வேலை முடிந்து மோட்டாரைப் போட்டதும் காற்று இழுபட்டு, கனல் தீயாகும்.

ஆகவே அனுமதித் தாளில் இவை கட்டாயம் இருக்க வேண்டும். எலிவேற்றர் மோட்டாரின் மின்னைத் துண்டித்து சுவிச்சுக்குப் பூட்டுப் போடுதல். அடிக்குழியைத் திறந்து வாரியெடுத்தல். காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது, தூசு கிளம்பி நிற்கும்போது பொறி பட்டால் வெடிக்கும். சுற்றிவர 11 மீற்றருக்குள் உமி, சாக்கு, டீசல் எதுவும் இல்லாமை. நகர்த்த முடியாததைத் தீத்தாங்கும் போர்வையால் மூடுதல். நெல் காயவைக்கும் படங்கை அதற்குப் போடவே கூடாது, பொறி பட்டால் அது உருகித் தானே பற்றும்.

கைக்கெட்டும் தூரத்தில் 9 லீற்றர் தண்ணீர் அணைப்பான் வேண்டும். காபனீரொட்சைட்டு அணைப்பான் உமிக்கு உதவாது. சுவாலை அடங்கும், கனல் ஆறாது, சற்று நேரத்தில் மறுபடி பற்றும். தண்ணீரையும் வெல்டிங் மின்னை நிறுத்திய பிறகே, பீச்சாமல் தூவ வேண்டும்.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:
மாஸ்டருக்கு மரியாதையுடன் மறுப்பு. கிழக்கில் சிவப்பு எழுத்தில் 'சுடு' என்று தொடங்கும் பலகையை ஆலைச் சுவரில் மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன். இலக்கணம் எதை அனுமதித்தாலும் கண் முதலில் துப்பாக்கியைத்தான் நினைக்கும். 'அனல்வேலை' என்போம். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தால் எல்லோருக்கும் பழகிய சொல்.

மட்டக்களப்பு, தமிழாசிரியர்:
அந்தக் காரணத்தை ஏற்கிறேன், தங்கச்சி. அப்படியானால் 'அனற்பணி' என்று புணர்த்தி எழுத வேண்டும். அனல், கனல், தணல், தழல் ஆகியவற்றின் வேறுபாட்டையும் ஒருமுறை பார்க்கலாம். அனல் உடம்பில் படும் வெக்கை. தணல் சுவாலை அடங்கிய கங்கு. தழல் கொழுந்து விடுவது. பொறியியலாளர் சொன்ன உமித் தீக்குக் கனல்தான் மிகப் பொருத்தம். 'கனன்று' என்ற வினையே அவர் வாயில் வந்துவிட்டது.

கல்லடி, மொழிபெயர்ப்பாளர்:
கனல் விளைவு, மாஸ்டர். நாம் பெயர் வைப்பது வேலைக்கு. 'அனற்பணி'யை எழுத்துக் கூட்டி வாசிக்கவே ஆலையில் சிலருக்கு நேரமெடுக்கும். 'வேலை' என்றால் புணர்ச்சியில் மாற்றமே இல்லை.

அக்கரைப்பற்று, பொறியியலாளர்:
எனக்கு அனல் பிடிபடவில்லை. கிறைண்டர் பிடிக்கிறவர் தான் அனல்வேலை செய்வதாக நினைக்கவே மாட்டார். வெல்டிங்குக்கு அனுமதி எடுத்துவிட்டு, கிறைண்டரை எடுத்தபடி உமிக் கொட்டிலுக்குள் போவார். 'தீப்பொறி வேலை' என்றால் அவருக்கும் உறைக்கும். வெறும் 'பொறி' வேண்டாம், அது இயந்திரமும் ஆகும், எலிப்பொறியும் ஆகும்.

இன்னொன்று. வேலை நடக்கும்போதும் முடிந்த பின்பும் பொறியைக் கவனிக்க ஒருவர் நிற்க வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 51பி நியமம், வேலை முடிந்த பின் நிற்கும் இந்தக் காவலை முன்பு 30 நிமிடமாக வைத்திருந்தது. 2019 பதிப்பில் 60 ஆக்கியது. வரைவில் அவருக்குக் 'காவலாளி' என்று பெயர். அப்படிப் போட்டால் வாசல் வாச்சரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அவர் லொறிக்கு கேற் திறக்கப் போய்விடுவார். இந்த ஆளுக்கு வேறு வேலையே இருக்கக்கூடாது.

மட்டக்களப்பு, தமிழாசிரியர்:
'தீக்காவலர்' போதும். ஆனால் ஊதுவிளக்கில் பொறி பறக்காதே? 'தீப்பொறி வேலை' அதை வெளியே விட்டுவிடும்.

சம்மாந்துறை, பயிற்றுநர்:
அச்சகத்தார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊதுவிளக்கையும் உள்ளடக்குவதால் 'அனல்வேலை'யையே எடுக்கிறேன்; தலைப்பு 'அனல்வேலை அனுமதி'. அதன் கீழேயே பெரிய எழுத்தில் 'வெல்டிங், காஸ் கட்டிங், கிறைண்டிங், ஊதுவிளக்கு' என்று வரும். தீக்காவலருக்குத் தனிக் கையொப்பக் கட்டமும், வேலை முடிந்த நேரம், காவல் முடிந்த நேரம் என இரண்டு இடைவெளிகளும் உண்டு. அனுமதி ஒரு நாளைக்கு மட்டும். மறுநாள் புதுத் தாள்.

அக்கரைப்பற்று, பொறியியலாளர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அந்த வரியில் கிறைண்டிங்கை முதலில் போடுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் நான்கைந்து ஆலைகளில் தாளைக் கொடுத்து, கிறைண்டருக்கு அனுமதி கேட்டு வருகிறார்களா என்று பார்ப்போம். வராவிட்டால் 'தீப்பொறி வேலை'யை மறுபடி கொண்டுவருவேன்.