பெரியகுளத்து வெயில், கொடைக்கானல் மேகம்

மழையும் மேகமும் பார்த்த அனுபவங்களைப் பலரும் இங்கே எழுதுகிறீர்கள். கொடைக்கானலில் மே கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று நானும் சொல்கிறேன். பிறந்தது பெரியகுளம். கல்யாணமாகி மலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. அம்மா இன்னும் கீழேதான் இருக்கிறார். அதனால் ஒரே மேகத்தை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

சீசனுக்கு வருகிறவர்கள் மதியம் கோக்கர்ஸ் வாக் என்ற பள்ளத்தாக்கோர நடைபாதையில் நின்றுகொண்டு, "பனி வந்திருச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். அது பனி இல்லை, மேகம். அதுவும் எங்கள் ஊர் வெயில் மேலே ஏற்றிவிட்ட மேகம். காற்றில் இருக்கும் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிப்புள்ளி என்பார்கள். தரையருகே காற்றின் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ, அதை 125ஆல் பெருக்கினால், தரையிலிருந்து எத்தனை மீட்டரில் மேகம் உருவாகும் என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். பெரியகுளத்தில் 38 டிகிரி, பனிப்புள்ளி 23 என்று வையுங்கள். 15 டிகிரிக்கு 1,875 மீட்டர். பெரியகுளம் இருப்பதே சுமார் 280 மீட்டரில். கூட்டினால் 2,155. கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர்! இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்த அன்று நோட்டை மூடிவிட்டு வாசலுக்குப் போனேன். மேகத்தின் அடிவயிறு பக்கத்து வீட்டுத் தகரக் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "அதான தாயி, வெயில் கொளுத்துற அன்னைக்குத்தான் உங்க மலை தலையில துண்டு கட்டிக்கும்" என்றார். கணக்கே போடாமல் அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

இந்த வாரங்களில் காலை வானம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். ரொம்ப உயரத்தில், சீப்பால் வாரிவிட்ட மாதிரி கீற்று மேகம் மட்டும் கிடக்கும். அது முழுக்க பனிப்படிகம். 1899இல் இங்கே சூரிய ஆய்வுக்கூடம் வந்ததும், 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதைக் கண்டதும் இப்படிப்பட்ட வானத்தின் கீழேதான். பத்தரை மணிக்கு மேல் பள்ளத்தாக்கின் விளிம்பில் பஞ்சுத் துண்டுகள் முளைக்கும். பன்னிரண்டு மணிக்குள் அவை காலிஃபிளவர் மாதிரி குமிழ் குமிழாக ஏறும். இதுதான் திரள் மேகம். அதன் ஓரம் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருக்கும்வரை இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். உச்சியின் ஓரம் கலைந்து, நாராகப் பிரிய ஆரம்பித்தால் மேலே உறைந்துவிட்டது. அப்புறம் அது கார்திரள் மேகம், துணியை எடுத்துவிட வேண்டியதுதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு மதியம். தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை காற்று பள்ளத்திலிருந்து வெதுவெதுப்பாக மேலே வந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்றது. இரண்டு நிமிடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பி, மேலேயிருந்து சில்லென்று இறங்கியது. கூடவே தைலமர வாசனை. மேகத்துக்குள் மழை விழத் தொடங்கும்போது குளிர்ந்த காற்றையும் சேர்த்துக் கீழே தள்ளும். அந்தக் காற்றுதான் முதலில் நம்மிடம் வந்து சேரும். பையனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். கதவைச் சாத்துவதற்குள் கூரையில் ஆலங்கட்டி. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத சத்தம்.

நின்றதும் பையன் ஒரு கட்டியை எடுத்து வந்தான். நெல்லிக்காய் அளவு இருக்கும். இரண்டாக உடைத்துப் பார்த்தோம். நடுவில் வெள்ளை, அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம், மறுபடி வெள்ளை. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல இருந்தது. மேகத்துக்குள் காற்று அதைத் தாங்கித் தாங்கி வைத்திருந்த நேரத்தில், ஒவ்வொரு சுற்றாக உறைந்த அடுக்குகள் அவை. அவன் உள்ளங்கையிலேயே அது கரைந்து போகும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பீன்ஸ் இலை ஒன்றுகூட முழுதாக இல்லை. அந்த வருடம் காய் கிடைக்கவில்லை, வருத்தம்தான்.

இங்கே ஒருவர் 'தன் நிழலைச் சுற்றி வானவில்' பார்த்ததாக எழுதியிருக்கிறார். நம்புங்கள், அது உண்மை. மேகத்தில் விழும் அந்த நிழலை ப்ராக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். சாயங்காலம் வெயில் முதுகில் பட வேண்டும், எதிரே பள்ளத்தில் மேகம் நிற்க வேண்டும். கோக்கர்ஸ் வாக்கில் மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் என் நிழல் நீளமாக மேகத்தின் மேல் விழுந்தது. தலையைச் சுற்றி வண்ண வளையம், உள்ளே நீலம், வெளியே சிவப்பு. "என் தலையைச் சுற்றித்தான் இருக்கு" என்றான் பையன். "இல்லடா, என் தலையில" என்றேன் நான். இரண்டுமே சரிதான். துளிகள் ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவதால் அவரவர் கண்ணுக்கு அவரவர் வளையம் மட்டும்தான் தெரியும்.

மழை முடிந்த இரவுகளில் தெற்கே மேகமலைப் பக்கம் பார்ப்பேன். அங்கே இன்னொரு கார்திரள் நிற்கும், தலை பட்டறைக்கல் மாதிரி விரிந்து. உள்ளே மின்னல் ஓடும். அத்தனை தூரத்திலிருந்து இடி எட்டாது, சத்தமே இருக்காது. பகலில் இதே மாதிரி தெரிந்தால் உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, தலை விரிச்சிருச்சு, மொட்டை மாடியில கூழ் வத்தல் காயுதுன்னா எடுத்துருங்க" என்பேன். இதுவரை இரண்டு தடவைதான் எடுத்தும் மழை வராமல் போயிருக்கிறது.

ஜூன் பிறந்ததும் எல்லாம் மாறிவிடும். மேகம் பெரியகுளத்திலிருந்து ஏறாது, பேரிஜம் ஏரிப் பக்கமிருந்து மேற்குக் காற்றோடு படை படையாக வரும். இடி இல்லை, நாள் முழுக்கச் சாரல். கீழே அம்மாவுக்கு வெறும் காற்று மட்டும். "மேகம் தலைக்கு மேல ஓடுது தாயி, ஒரு சொட்டுகூட விழல" என்று போனில் சொல்லும்போது, அந்தக் காற்றின் இரைச்சலும் சேர்ந்து கேட்கும்.