ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: எது வேகம்?

வேர்ப்பயனர்:
விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், அடுத்து எதை நிறுவுவது என்று பலரும் இங்கே கேட்டுவருகிறார்கள். வேகம்தான் அளவுகோல் என்றால் விடை லினக்ஸ்தான் என்பது என் உறுதியான கருத்து. உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸைத் தவிர வேறு இயங்குதளமே இல்லை. வேகத்துக்காகவே கட்டப்படும் பொறிகள் அனைத்தும் ஒன்றையே தேர்ந்திருக்கும்போது, இதில் விவாதத்துக்கு என்ன மிச்சமிருக்கிறது?

அலுவலகக்கணினி:
நண்பரே, தங்கள் சான்று உண்மைதான், ஆனால் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. மீத்திறன் கணினியில் திரையும் இல்லை, மின்கலமும் இல்லை, இருபது உலாவித் தாவல்களைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்பவரும் இல்லை. அங்கே லினக்ஸ் நிலைபெற்றதற்கு உரிமக் கட்டணம் இல்லாததும், இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவகத்தைத் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ள முடிவதும் பெரிய காரணங்கள். ஒரு நீண்ட கணக்கீட்டையோ காணொளி மாற்றத்தையோ எடுத்துக்கொண்டால், செயலி ஏறத்தாழ முழு நேரமும் அந்த நிரலுக்குள்ளேயே இருக்கிறது. இயங்குதளம் குறுக்கிடுவது மிகக் குறைவு. ஆகவே அத்தகைய வேலைகளில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. வேறுபாடு உண்டென்றால் எந்த வேலையில் என்று சொல்லுங்கள்.

வேர்ப்பயனர்:
நியாயமான கேள்வி. மீத்திறன் கணினியை விட்டுவிடுகிறேன். சிறு கோப்புகளைப் பார்ப்போம்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் சூழலில் திட்டம் ஒன்றைத் திறந்து, அதற்கான தொகுப்புகளை நிறுவச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு கேபி அளவில் பல்லாயிரம் கோப்புகள் வட்டில் வந்து விழும். விண்டோஸில் அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், நிறுவும் நிரலுக்கு இணையாக, சில வேளைகளில் அதற்கும் மேலாக, வைரஸ் தடுப்பு நிரல் செயலியை எடுத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போதும் மூடப்படும்போதும் அந்தக் கோரிக்கை அதை இடைமறித்துப் பார்க்கும் வடிகட்டி இயக்கிகளின் அடுக்கு ஒன்றைக் கடந்தே விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையை அடைகிறது. ஒரு பெரிய கோப்பைப் படிக்கும்போது இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. ஐம்பதாயிரம் சிறு கோப்புகளில் அது ஐம்பதாயிரம் மடங்காகச் சேர்ந்துவிடுகிறது. லினக்ஸோ கோப்புறைப் பெயர்களை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, 'இந்தக் கோப்பு மாறியிருக்கிறதா' என்ற கேள்விக்கு வட்டைத் தொடாமலே பெரும்பாலும் விடையளிக்கிறது. எந்தெந்தக் கோப்புகள் மாறின என்று காட்டும் 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுப்பவருக்கு இந்த வேறுபாடு அன்றாடம் தெரியும்.

அலுவலகக்கணினி:
இதை மறுக்கமாட்டேன். மைக்ரோசாப்டும் இதை உணர்ந்துதான் 2023இல் நிரலாளர்களுக்கான தனி வட்டுப்பகுதியாக 'டெவ் டிரைவ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதில் என்டிஎஃப்எஸுக்குப் பதிலாக ரீஎஃப்எஸ் கோப்பு முறைமை பயன்படுகிறது. கோப்பைத் திறக்கும்போதே நிறுத்திச் சோதிக்காமல், திறந்த பிறகு பின்னணியில் சோதிக்கும் முறையும் அதில் உண்டு.

ஆனால் நினைவகம் நிரம்பும்போது நிகழ்வதைப் பற்றித் தாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லையே! 8 ஜிபி ரேம் உள்ள என் கணினியில், உலாவி திறந்திருக்க, லினக்ஸில் ஒரு பெரிய சி++ திட்டத்தைத் தொகுத்தேன், அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றினேன். துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்க்கும் கடைசிக் கட்டமான இணைப்பின்போது சுட்டி முதலில் விட்டுவிட்டு நகர்ந்தது, பிறகு நின்றேபோயிற்று. வட்டு விளக்கு அணையாமல் எரிந்தது. முனையத்துக்கு மாற விசைகளை அழுத்தியும் பயனில்லை. கைவசம் இருப்பதைவிட அதிக நினைவகத்தைத் தருவதாக நிரல்களுக்கு வாக்களித்துவிட்டு, நெருக்கடி முற்றிய பிறகே ஏதோ ஒரு நிரலைக் கொல்வது லினக்ஸின் இயல்புநிலை நடத்தை. விண்டோஸ் தன்னால் தரமுடிந்த வரம்புக்கு மேல் வாக்களிப்பதே இல்லை. அதே வேலையில் மெதுவானாலும் சாளரங்கள் பதிலளித்துக்கொண்டிருந்தன. அரைமணி நேர உழைப்பைச் சேமிக்காமல் இழந்தவனுக்கு, கோப்பு திறக்கும் வேகத்தைப் பற்றி என்ன ஆறுதல் சொல்வீர்கள்?

இரட்டைத்துவக்கம்:
இரண்டையும் பயன்படுத்துபவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். தாங்கள் சொன்ன உறைநிலையைத் தடுக்கவே லினக்ஸ் வழங்கல்களில் (விநியோகப் பதிப்புகளில்) ஒன்றான ஃபெடோராவின் 32ஆம் பணிநிலையப் பதிப்பு, நினைவகம் தீர்வதற்கு முன்பே ஒரு நிரலை நிறுத்திவிடும் 'எர்லிஊம்' நிரலை 2020இல் இயல்பாகச் சேர்த்தது. அதே ஆண்டில் வந்த ஃபெடோரா 33, ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி, நினைவகம் போதாதபோது உதவும் இடமாற்றுப் பகுதியாக்கும் இசட்ரேமையும் சேர்த்தது. எல்லா வழங்கல்களும் அப்படி இல்லை என்பதால், எந்த லினக்ஸ் என்று சொல்லாமல் ஒப்பிடுவதில் பொருளில்லை. விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் 2 வழியாக லினக்ஸை ஓட்டி அளப்பவர்களும் கவனிக்க வேண்டும்: திட்டக் கோப்புகள் சி டிரைவில் இருந்தால் ஒவ்வொரு அணுகலும் இரு இயங்குதளங்களின் எல்லையைக் கடக்கிறது. அப்போது அளக்கப்படுவது அந்த எல்லையின் செலவே.

அலுவலகக்கணினி:
இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். இன்டெல் 2021இல் பெரிய, சிறிய கருக்கள் (செயலிக்குள் உள்ள கணக்கிடும் அலகுகள்) கலந்த 12ஆம் தலைமுறைச் செயலிகளை வெளியிட்டபோது, எந்த வேலையை எந்தக் கருவுக்கு அனுப்புவது என்று செயலி தரும் குறிப்பை விண்டோஸ் 11 தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தியது. லினக்ஸில் அதற்கான அடிப்படை இயக்கி 2022இல், 5.18 கருவகத்தில்தான் வந்தது. புதிய வன்பொருளில் இத்தகைய இடைவெளி வேகத்தையும் மின்கலத்தையும் சேர்த்தே பாதிக்கிறது.

வேர்ப்பயனர்:
புதிய வன்பொருளிலும் நினைவக நெருக்கடியிலும் தாங்கள் சொல்வதை ஏற்கிறேன். சிறு கோப்புகளில் என் நிலையை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஏனெனில் டெவ் டிரைவைப் பயனர்தான் தேடிச்சென்று, குறைந்தது 50 ஜிபி ஒதுக்கி உருவாக்க வேண்டியிருக்கிறது. சி டிரைவில் வேலை செய்யும் மாணவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

அலுவலகக்கணினி:
அந்த மாணவருக்காக நானும் கவலைப்படுகிறேன். அவரிடம் இருப்பது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத, 4 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினி என்றால், விண்டோஸ் 11 அதற்கு ஏற்றதல்ல. லினக்ஸை நிறுவச் சொல்லி நானே பரிந்துரைப்பேன். இசட்ரேம் இயங்குகிறதா என்பதை மட்டும் முதல் நாளே பார்த்துவிடச் சொல்லுங்கள்.