செம்மறிக் குளம்பு அழுகல்: ஆறுது, திரும்ப வருது

ஈசூன்வாசி:
சிவகங்கைப் பக்கம் ஊர்ப்பட்டியில 60 செம்மறி. ஐப்பசி மழைக்கப்புறம் 14 நொண்டுது. விரலிடுக்கு வெந்த மாதிரி வெளுத்து, குளம்போரம் பிளந்து ஒரே நாத்தம். அண்ணன் அந்த 14க்கு மட்டும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஊத்துறார். வீடியோ கால்ல அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?

பட்டிக்கணக்கு:
அந்த 14க்கு மட்டும் வைத்தியம் பார்க்குறதுதான் தப்பு. கிருமி (டைகெலோபாக்டர் நோடோசஸ்) ஈரமண்ணுல ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல தாங்காது. குளம்புக்குள்ள மாசக்கணக்கா இருக்கும், நொண்டாத ஆட்டுலயும்தான். 60ஐயும் குளம்புக்குளியல்ல நிறுத்துங்க: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத் தொட்டி, 7 செ.மீ. ஆழத்துக்கு 140 லிட்டர் தண்ணி, 14 கிலோ துத்தநாக சல்பேட். முதல்ல சேறு கழுவணும், இல்லன்னா மருந்து உள்ள இறங்காது. 15 நிமிஷம் நிறுத்தி, ஒரு மணி நேரம் காய்ந்த தளத்துல விடுங்க. அப்புறம், கடைசி 2 வாரமா எந்த ஆடும் மிதிக்காத மேய்ச்சலுக்கு ஓட்டுங்க. மயில்துத்தம் வேண்டாம், குடிச்சா செம்மறிக்கு விஷம்.

சாங்கி_கால்நடை:
ரத்தம் வர்ற அளவுக்குக் குளம்பைச் செதுக்காதீங்க, ஆற நாளாகும். நொண்டுறதைப் பிரிச்சுக் கட்டி, டாக்டர்கிட்ட எடை பார்த்து நீண்டநேர ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி கேளுங்க. 3-4 வாரத்துல எல்லாக் காலையும் புரட்டிப் பாருங்க. ரெண்டு தடவை வைத்தியத்துக்கும் ஆறாததைக் கறிக்குத் தள்ளிடலாம், ஆனா ஊசிக்குப்புறம் லேபிள்ல இருக்கிற காத்திருப்பு நாள் (கறிக்கு விடக்கூடாத நாள்) முடியணும்.

பட்டிக்கணக்கு:
ஆமா, வாயில புண்ணோ காய்ச்சலோ இருந்தா இது கோமாரியா இருக்கலாம். குளியலை விட்டுட்டு உடனே டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க.