காட்டுத்தீயில் வீடு போனவர்கள் வக்கீல் பிடித்த அனுபவம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மீனா, ஆல்டடீனா

2025 ஜனவரியில் எங்கள் ஊரை எரித்த ஈட்டன் தீயைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடு அஸ்திவாரம் வரைக்கும் போய்விட்டது. அந்த மாதக் கடைசியில் ஒரு ஓட்டல் ஹாலில் வக்கீல்கள் கூட்டம் போட்டார்கள். பேசியவர் நன்றாகத்தான் பேசினார். முடிந்ததும் ஒரு பையன் டேப்லெட்டை நீட்டி, விரலாலேயே கையெழுத்துப் போடலாம் என்றான். என் மாமியாரின் கண்ணாடியும் தீயோடு போய்விட்டது. என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, திரையை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொரு வரியாகப் படித்தார். "எந்த வழியில் வரும் தொகையானாலும்" மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு என்று ஒரு வரி. "நாங்கள் இத்தனை வருடம் பிரீமியம் கட்டிய இன்சூரன்ஸ் பணமும் இதில் சேருமா?" என்று கேட்டார். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வழக்கமான ஒப்பந்தம்தான் மேடம் என்றான். மாமியார் டேப்லெட்டை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

நாங்கள் வெளியே வரும்போது எங்கள் தெருவில் தனியாக இருந்த வயதான அம்மா ஒருவர் அதே மாதிரி டேப்லெட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அவர் அந்த வரியைப் படித்தாரா என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

சுந்தர், பசடீனா

எங்கள் கதை வேறு. வீடு நிற்கிறது, உள்ளே முழுக்கப் புகையும் சாம்பலும். போனில் பேசிய முதல் வக்கீல் ஆபீஸ், "வீடுதான் நிற்கிறதே" என்று சொல்லி அதோடு முடித்துவிட்டது. அடுத்து ஒரு பெண் வக்கீல் நேரில் வந்தார். வந்தவர் முகமூடியை மாட்டிக்கொண்டு, நேராகக் குழந்தையின் அறைக்குப் போய், தொட்டில் பக்கத்தில் இருந்த ஹீட்டர் துவாரத்தின் மூடியைக் கழற்றி ஈரத்துணியால் உள்ளே ஒரு இழு இழுத்தார். துணி கறுப்பாக வந்தது. ஆல்டடீனாவில் பெரும்பாலான வீடுகள் 1978க்கு முன்னால் கட்டியவை, ஈயம் கலந்த பெயின்ட் அடித்தவை. அவை எரிந்த சாம்பல்தான் காற்றில் வந்து நம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றார். மெத்தையைத் தூக்கிப் போடாதீர்கள், படம் எடுத்துப் பையில் கட்டி வையுங்கள், ஈயப் பரிசோதனை முடியும் வரை எதையும் கழுவாதீர்கள் என்றும் சொன்னார். என் மனைவி அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. அதே அறையில்தான் குழந்தையைப் படுக்க வைத்திருந்தோம்.

கணேஷ்

மீனா அக்கா, சுந்தர், தப்பாக நினைக்க வேண்டாம். வக்கீலே எதற்கு? ஈட்டன் தீக்காக எல்லோரும் வழக்குப் போடும் மின் நிறுவனமான எடிசனே 2025 கடைசியில் நேரடி இழப்பீட்டுத் திட்டம் தொடங்கிவிட்டது. விண்ணப்பம் போட்டால் தொகை சொல்கிறார்கள், பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம். என் நண்பர் அப்படித்தான் போகிறார். மூன்றில் ஒரு பங்கை யாருக்கோ கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

விஜி, சான்டா ரோசா

கணேஷ் தம்பி, அந்தப் பணத்தை வாங்கினால் வழக்குப் போடும் உரிமை போய்விடும். அதைச் சொல்லாமல் "பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதுவது சரியில்லை.

எங்களுடையது சான்டா ரோசாவை எரித்த 2017 டப்ஸ் தீ. தனியார் வீட்டு மின்சாதனம்தான் காரணம் என்று மாநிலத் தீயணைப்புத் துறையான கேல் ஃபயர் சொன்ன பிறகும், பிஜி அண்ட் இ மின் நிறுவனத்தின் திவால் ஒப்பந்தத்தில் எங்களையும் சேர்த்தார்கள். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது ஒரு காகிதத்தைப் பற்றி. எங்கள் வக்கீல் ஆபீஸில் போன் பண்ணும்போதெல்லாம் புதுக் குரல். "உங்கள் வீடு எந்தத் தெரு?" என்று முதலிலிருந்து கேட்பார்கள். கடைசியில் கையெழுத்துக்கு வந்த பொருள் பட்டியலில் பியானோ என்று இருந்தது. எங்கள் வீட்டில் பியானோ இருந்ததே இல்லை. இருந்தது அம்மாவின் தஞ்சாவூர் வீணை, அது பட்டியலில் இல்லை. வேறு ஒரு குடும்பத்தின் இழப்பு எங்கள் பெயரில் அச்சாகியிருந்தது. அப்படியென்றால் எங்கள் வீணை யார் பட்டியலில் போனது? அந்தக் குடும்பத்துக்கு இது தெரியுமா?

பாலா

நான் வாடகைக்கு இருந்தவன். வாடகைக்காரருக்கும் கேஸ் உண்டு என்று ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது, என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இங்கே எழுதியவற்றைப் படித்த பிறகு சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இந்த மாதிரி சதவீத ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும், இந்த ஃபீஸ் சட்டம் விதித்ததல்ல, பேசிக் குறைக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். அதனால் பேசுங்கள். செலவைக் கழித்த பிறகு சதவீதமா, அதற்கு முன்பா என்றும் கேளுங்கள். பத்து லட்சம் டாலர் வந்து, செலவு ஒரு லட்சம், ஃபீஸ் 30 சதவீதம் என்றால் அந்த ஒரு கேள்விக்கு 30,000 டாலர் வித்தியாசம். அப்புறம், அறிமுகம் இல்லாத வக்கீல் தானாக உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தோ போன் பண்ணியோ கேஸ் பிடிப்பதற்கு இங்கே தடை உண்டு. அப்படி வருபவரை உள்ளே விடாதீர்கள். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் மாநில அமைப்பான ஸ்டேட் பாரின் தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரிந்துவிடும்.

மின் கம்பியால்தான் தீ வந்தது என்று நிரூபணமானால், சொத்து இழப்புக்கு நிறுவனத்தின் கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்பது இந்த மாநிலச் சட்டம். அதனால் உங்கள் வக்கீலின் பெரிய வேலை உங்கள் இழப்பை ஒழுங்காக எழுதுவதுதான். விஜி அக்காவுக்கு நடந்தது அதனால்தான் எனக்கு ஆறவில்லை. இது எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேஸ் இல்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி. உங்கள் கோப்பை யார் பார்ப்பார், அவரிடம் இப்போது எத்தனை குடும்பங்கள் என்று முதல் நாளே கேளுங்கள். அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். பொதுவாகச் சொத்து இழப்புக்கு மூன்று வருடம், உடல் பாதிப்புக்கு இரண்டு வருடம் கெடு. ஜெயித்துவிட்டாலும் பணம் எப்படி வரும் என்று பாருங்கள். 2018இல் வந்த கேம்ப் ஃபயர் என்ற காட்டுத்தீக்குப் பிறகு பிஜி அண்ட் இ திவாலாகி 1,350 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, அதில் பாதி அந்த நிறுவனத்தின் பங்குகள்.

மீனா, ஆல்டடீனா

பாலா, நன்றி. நாங்கள் பிறகு பிடித்த வக்கீல், இன்சூரன்ஸ் பணத்தில் ஒரு டாலர்கூடத் தொடமாட்டேன் என்று தனி வரியாக எழுதிக் கொடுத்தார். விஜி அக்கா, அந்தப் பட்டியலைத் திருத்தினார்களா?

கணேஷ், உங்கள் நண்பர் கையெழுத்துப் போட்டுவிட்டாரா? இல்லையென்றால், எடிசன் சொன்ன தொகையை வேறொரு வக்கீலிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.