புதுப்பிப்பு: கிபாலே போய் வந்தாச்சு

உகாண்டாவின் கிபாலே காட்டில் சிம்பன்சி பார்க்க ஒரு காலைப்பொழுது போதுமா, 8 மடங்கு பைனாகுலர் சரிவருமா என்று இங்கே கேட்டிருந்தேன். இரண்டுக்குமே பதில் ஆம்தான்.

காட்டின் பார்வையாளர் மையமான கன்யாஞ்சுவிலிருந்து வனக்காவலருடன் கிளம்பினோம். முக்கால் மணி நேரம் சேற்றில் வழுக்கிய பிறகு, முதலில் சத்தம்தான் வந்தது. சிம்பன்சிகள் மரத்தின் பலகை வேரைக் காலால் உதைத்து முரசு மாதிரி அடிக்கின்றன, கூடவே ஒரு கூச்சல். வயிறே அதிர்ந்தது. அப்புறம் ஒரு பெரிய ஆண் சிம்பன்சி எங்களைச் சட்டை செய்யாமல் இரண்டடி தள்ளி நடந்துபோனது. விலகி நிற்கத்தான் சொல்கிறார்கள், அதற்கு அந்த விதி தெரியவில்லை! ஒரு மணி நேரம்தான் அனுமதி, அது பறந்துவிட்டது.

பச்சை மார்பு பிட்டாவுக்காக மறுநாள் இருட்டிலேயே கிளம்பினேன். நம்ம ஊர் ஆறுமணிக்குருவியின் சொந்தம். கிளையில் எம்பிக் குதிக்கும் 'ப்ர்ர்' ஓசை மட்டும் இரண்டு முறை கேட்டது, பறவை கண்ணில் படவில்லை. அந்த ஏமாற்றத்தைப் பிகோடி சதுப்பு நிலம் ஈடுகட்டியது: பெரிய நீலத் துராக்கோ பறவை, செங்கொலோபஸ் குரங்குக் கூட்டம், சாம்பல் கன்ன மங்காபே குரங்கு. ஊர் மக்களே வழிகாட்டிகளாக நடத்தும் நடை அது, தவறவிடாதீர்கள்.

பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகச் சொன்னவருக்குத் தனி நன்றி. எறும்புச் சாரையை மிதித்த பக்கத்து ஆள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தேன்.