ஸ்ட்ராடில் போடும் போக்கர் மேசையில் எவ்வளவு ரெய்ஸ் செய்வது?

விடுமுறைக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு வந்திருக்கிறேன். தங்கியிருக்கும் தெருவிலேயே இரண்டு மேசை போட்ட சின்ன போக்கர் அறை. நான்கு இரவு போனேன், நான்கும் தோல்வி.

நோ லிமிட் ஹோல்டம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர்), பிளைண்ட், அதாவது சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம், 1-2, அதிகபட்சம் 100 வைத்துத்தான் உட்கார முடியும். அதாவது 50 பிக் பிளைண்ட் (பெரிய பிளைண்டான 2). ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் யாராவது 4 ஸ்ட்ராடில் போட்டுவிடுகிறார்கள், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே தாமாகவே பிக் பிளைண்டைப் போல இரண்டு மடங்கு வைத்துவிடுகிறார்கள். கையில் இருப்பது வெறும் 25 ஸ்ட்ராடில். அக்கம்பக்கத்துக்காரர்கள், கடலில் குளித்த ஈரத்தோடு வந்து உட்காருபவர்கள், தங்கமான மனிதர்கள். சீட்டை மட்டும் மடிக்கவே மாட்டார்கள்.

12 ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தை 12க்கு ஏற்றினேன்), ஐந்து பேர் கால் (அதே 12ஐ வைத்து உள்ளே வந்தார்கள்). அத்தனை பேர் ஏதோ ஒரு சீட்டோடு வந்தால் ஜோடி ஏஸ்கூடப் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஜெயிக்கும். 20க்கு ஏற்றினேன், மூன்று பேர் வந்தார்கள். பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 80ஐத் தாண்டியது, என்னிடம் மிச்சம் 80. பிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) சரியாக விழாவிட்டால் அங்கேயே முடிந்தது. இடம் மாறி உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. பிளஃப் பற்றிக் கேட்காதீர்கள்.

இன்னும் இரண்டு இரவு இருக்கிறது. மூன்று நான்கு பேர் ஏற்கெனவே 4 போட்டு உள்ளே வந்திருக்கும்போது, கடைசியாக ஆடும் இடத்தில் ஏஸ்-கிங்கோ ஜோடி பத்தோ வந்தால் 20 ரெய்ஸ் சரியா, நேராக ஆல்-இன் (கையில் உள்ளது முழுவதும் வைத்து) போவதா?