சமுதாயக் கல்லூரி மாணவர்கள் தம் தலைவரை எதை வைத்து எடைபோடுகிறார்கள்?

வழிப்போக்கன்:
அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள், இரண்டாண்டு படித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாற வழிதரும் அரசுக் கல்லூரிகள். அவற்றில் ஒன்றான கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் நிதியிலும் நிர்வாகத்திலும் 2012இல் குறை கண்ட அங்கீகார ஆணையம், அடுத்த ஆண்டு ஜூலையில் அங்கீகாரத்தையே ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. கல்லூரியை நிர்வகிக்க மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழுவின் அதிகாரம் முழுவதும் மாநிலம் அமர்த்திய ஒரே சிறப்பு அறங்காவலரிடம் போனது. மாணவர்கள் பலர் அவரை எதிர்த்துப் போராடினார்கள். போதிய கையிருப்பில்லாமல் கல்லூரியை ஓட்டியவர்கள் நல்லவர்கள், கணக்கைச் சரிசெய்ய வந்தவர் கெட்டவர் என்ற பார்வை எனக்கு நியாயமாகப் படவில்லை.

தாழ்வாரம்:
ஐயா, அவர்கள் எதிர்த்தது கணக்கை அன்று; கேள்வி கேட்க இடமில்லாமல் போனதைத்தான். நகர அரசு வழக்கறிஞரே வழக்குத் தொடுத்து, 2014 ஜனவரியில் நீதிமன்றம் ரத்துக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அங்கீகாரம் உறுதியானது. அந்த மாணவர்களை விவரமறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

நான் படித்தது கலிஃபோர்னியாவின் வேறொரு சமுதாயக் கல்லூரியில். பகலெல்லாம் மளிகைக் கடையில் நின்றுவிட்டு மாலைக் கணித வகுப்புக்கு ஓடினால், பருவத்தின் முதல் வாரத்திலேயே கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: வகுப்பு ரத்து. காரணமும் இல்லை, யாரைக் கேட்பது என்ற குறிப்பும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி அதை இரண்டு முறை படித்தார். அந்தப் பாடம் இல்லாமல் பல்கலைக்கழகத்துக்கு மாற முடியாது. எனக்கு ஒரு பருவம் வீணானது. கல்லூரித் தலைவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த தலைமை அந்தத் தாள்தான்.

வழிப்போக்கன்:
உங்களுக்கு நேர்ந்தது வருத்தம் தருகிறது. ஆனால் மாநில நிதி பெரிதும் சேர்க்கையைப் பொறுத்தே வருகிறது. ஆள் குறைந்த வகுப்பை நடத்தினால் வேறொரு வகுப்பு நிற்கும். தலைவரின் வேலை பலன் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். இரண்டே ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகிற மாணவர் அதை எப்படி அளப்பார்? முன்கூட்டியே சொல்லாதது மட்டும் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன்.

தாழ்வாரம்:
அந்தப் பிழையைத்தான் நான் தலைமையின் குறை என்கிறேன். பணமில்லை என்றால் பருவம் தொடங்குமுன் ஜூலையிலேயே சொல்லட்டும். வேறு கல்லூரியில் இடம் தேடிக்கொள்வோம். இங்கே கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் அறங்காவலர் குழுவிலும் மாணவர் பிரதிநிதி ஒருவராவது அமர்கிறார். ஆனால் அவருடைய வாக்கு ஆலோசனை மட்டுமே, முடிவெடுக்கும்போது அது எண்ணிக்கையில் சேராது. எண்ணப்படாத வாக்கைக் கையில் கொடுத்துவிட்டு, ஐந்தாறு ஆண்டு பொறுத்துப் பார் என்று எங்களிடம் எப்படிச் சொல்வீர்கள், ஐயா?